உறையின் பின்பக்கம்

எந்த இயக்கத்துக்கும் ஒரு பிறப்புக் கதை தேவைப்படுகிறது. பிரிட்டனின் சுயாதீன இசைக் குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் போய் நிற்கிற இடம் மான்செஸ்டர் நகரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால். தேதி 1976 ஜூன் 4. லண்டனிலிருந்து வந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு அன்று அங்கே வாசித்தது. கூட்டம் நாற்பது சொச்சம் பேர் என்கிறார்கள். ஆனால் 'அன்னிக்கு நானும் இருந்தேன்' என்று பிற்பாடு சொன்னவர்களையெல்லாம் உள்ளே விட்டிருந்தால் அந்த மாடி அரங்கு தாங்கியிருக்காது. இந்தச் சாட்சியங்களைத் துருவிப் பார்க்கவே டேவிட் நோலன் ஒரு புத்தகம் எழுத வேண்டி வந்தது. பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் நிஜமாகவே இருந்தார்கள். பிறகு ஜாய் டிவிஷன் குழுவைத் தொடங்கினார்கள். சரி, இருக்கட்டும்.

இந்தக் கதையாடலோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. தலைநகரிலிருந்து தீப்பொறி வந்து விழுந்தது, மாகாணம் பற்றிக்கொண்டது என்கிறது இது. மையம் கொடுக்கிறது, விளிம்பு கைநீட்டி வாங்கிக்கொள்கிறது. நடந்ததோ வேறு. பிஸ்டல்ஸ் தாமாக வரவில்லை, அழைத்து வரப்பட்டார்கள். அழைத்தவர்கள் பக்கத்து ஊரான போல்ட்டனில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள்: ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி. பத்திரிகையில் வந்த ஒரு கச்சேரி விமர்சனத்தைப் படித்துவிட்டு, அந்த பிப்ரவரியில் கார் ஒன்றை இரவல் வாங்கித் தெற்கே ஓட்டிக்கொண்டு போய் அந்தக் குழுவைப் பார்த்தார்கள். திரும்பி வந்து ஹாலை வாடகைக்குப் பிடித்து டிக்கெட் போட்டார்கள். ஜூலை 20-ல் அதே ஹாலில் பிஸ்டல்ஸ் மறுபடி வாசித்தபோது, இவர்களுடைய சொந்தக் குழுவான பஸ்காக்ஸும் மேடை ஏறிவிட்டது. படித்தவன் பார்க்கப் போனான், பார்த்தவன் ஏற்பாடு செய்தான், ஏற்பாடு செய்தவன் வாசித்தான். எல்லாம் ஐந்து மாதத்துக்குள். புதிய குழுவை 'கண்டுபிடிப்பது' என்பது அங்கே நுகர்வோனின் வேலையாக இருக்கவில்லை.

ஆனால் என் அக்கறை அந்த இரவுகளைவிட ஓர் இசைத்தட்டின் மீதுதான். 1976 டிசம்பர் 28-ல் பஸ்காக்ஸ் நான்கு பாட்டுகளைச் சில மணி நேரத்தில் பதிவு செய்தார்கள். நண்பர்களிடமும் குடும்பத்திலும் 500 பவுண்டு கடன். நியூ ஹார்மோன்ஸ் என்று தங்களுக்குத் தாங்களே ஒரு கம்பெனிப் பெயரைச் சூட்டிக்கொண்டு, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற அந்தச் சின்னத் தட்டை ஆயிரம் பிரதி போட்டார்கள். மறுபடி மறுபடி அடித்து 16,000 வரை விற்றது. உறையில் ஓர் உடனடிக் கேமராப் படம். பின்பக்கத்தில், ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, மேலே எத்தனை தடவை வாசித்துச் சேர்த்தது என்ற விவரம். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' லேசுப்பட்டதல்ல. பெரிய கம்பெனித் தட்டு தன் உழைப்பை மறைத்துத்தான் சந்தைக்கு வருகிறது. பண்டத்தின் மாயம் என்று மார்க்ஸ் சொன்னது அதைத்தான். இந்த உறை அந்த மாயத்தைப் பின்பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டது. முதல் தடவையே சரியா வந்துச்சு, அப்ப நாமும் போடலாமே என்று எவனோ ஒருத்தன் எங்கோ ஓர் அறையில் நினைக்க இது போதும்.

அடுத்த ஆண்டு, 1978-ல், ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற குழு இன்னும் ஒரு படி போயிற்று. பெயரே கிராம்ஷியின் 'அரசியல் எழுத்துகள்' என்பதன் இத்தாலியத் தலைப்பைச் சிதைத்து எடுத்தது. முதல் தட்டின் கையால் செய்த உறையில் ஸ்டுடியோச் செலவு, தட்டு அடித்த செலவு, லேபிள் அச்சிட்ட செலவு என்று கணக்கையே போட்டுவிட்டார்கள். (சிற்றிதழ் நடத்திக் கை சுட்டுக்கொண்ட நாம் சந்தாக்காரரிடம் நஷ்டத்தைச் சொல்லிப் புலம்பியிருக்கிறோம், இப்படித்தான் ஒரு இதழ் வருது, இவ்வளவுதான் ஆகும், நீங்களும் போடுங்க என்று எத்தனை பேர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறோம்?)

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். அந்த 500 பவுண்டு அன்றைய தொழிலாளி ஒருவரின் பல வாரக் கூலி. கடன் கொடுக்க ஆள் இல்லாதவன் என்ன செய்வான்? 'யாரும் செய்யலாம்' என்ற சொல்லாடலுக்குள் இந்த 'யாரும்' யார் என்பது சொல்லப்படாமல் கிடக்கிறது. இதற்கு ஓரளவு பதில் செய்தது விநியோகம். 1976-ல் மேற்கு லண்டனில் ஜெஃப் டிராவிஸ் திறந்த ரஃப் டிரேட் கடை, இம்மாதிரித் தட்டுகளையும், ரசிகர்கள் தாங்களே நகலெடுத்து ஸ்டேப்பிள் அடித்து விற்ற பத்திரிகைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. 1978-ல் அது தட்டு வெளியிடவும் தொடங்கியது. செலவு போக லாபத்தில் குழுவுக்குப் பாதி, கம்பெனிக்குப் பாதி. பிறகு லிவர்பூல், பிரிஸ்டல், யார்க், எடின்பரோ, நார்விச் கடைகளோடு சேர்ந்து 'கார்ட்டெல்' என்ற வலைப்பின்னல். பிபிசி வானொலியில் ஜான் பீல் இரவு நேரத்தில் போட்ட தட்டு மறுநாள் ஊரில் கிடைக்க வேண்டுமே, அதற்கு வழி இதுதான்.

1980 ஜனவரியில் சுயாதீனத் தட்டுகளுக்கென்று விற்பனைப் பட்டியல் ஒன்று தொடங்கியது. அதில் இடம்பெற நிபந்தனை ஒன்றே: பெரிய கம்பெனிகளின் விநியோகத்தில் வரக்கூடாது. பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. 1986-ல் என்எம்இ பத்திரிகை 'சி86' என்று 22 குழுக்களின் பாட்டைச் சேர்த்து ஒரு கேசட் கொண்டுவந்தது. அதன் பிறகு 'இண்டி' என்றால் ஒருவகை மெல்லிய கிடார் ஓசை என்று ஆகிவிட்டது. உற்பத்தி உறவைச் சுட்டிய சொல் ருசியைச் சுட்டும் சொல்லாகச் சுருங்கிப்போனது. 'மாற்று' என்ற சொல்லுக்கு நம்மிடையே நேர்ந்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

பஸ்காக்ஸ் 1977 ஆகஸ்டிலேயே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். டெவோட்டோ அதற்கு முன்பே விலகிவிட்டார். ஸ்கிரிட்டி பொலிட்டியும் பின்னால் வர்ஜினுக்குப் போனார்கள். துரோகம் என்று எழுதிவிடுவது சுலபம், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1991-ல் ரஃப் டிரேடின் விநியோகப் பிரிவு நொடித்துப்போனபோது தங்களுக்கு வர வேண்டிய பணம் நின்றுபோய்த் தவித்தவை, அதை நம்பியிருந்த சின்னக் கம்பெனிகள்தாம். ஆதிக்கத்துக்கு வெளியே நின்றவனும் கணக்கில் தோற்கிறான்.

இப்போது புதிய வெளியீட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. அதுவே நம்மைத் தேடி வருகிறது. பிரிட்டனின் சிறு அரங்குகள் 2023-ல் மட்டும் 125 போயின என்று அவற்றுக்காக இயங்கும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் கணக்குச் சொல்கிறது. நாற்பது சொச்சம் பேர் கூடிய அந்த ஹால் இருந்த கட்டடம் நட்சத்திர ஹோட்டலாகிவிட்டது. தட்டில்லாத பாட்டுக்கு உறையும் இல்லை, பின்பக்கமும் இல்லை. கணக்கு வேறெங்கோ எழுதப்படுகிறது: 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுத் தொகை எதுவும் கிடையாது.