இராயப்பரும் பேதுருவும்

என் பாட்டியாருக்கு அவர் இராயப்பர். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கோ பேதுரு. சின்னப்பரைப் பவுல் என்பதும் அருளப்பரை யோவான் என்பதும் பாட்டியார் காதில் பதிதரின் பாஷையாகவே விழுந்தன. நெல்லை டவுணில் ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்த இரு வீட்டாரும், வேதப் பேச்சு எழுந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள்.

இப்பிணக்கின் வேரைத் தேடிச் சென்றால் தரங்கம்பாடியில் போய் நிற்கிறோம். 1706-இல் அங்கு வந்திறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு, அச்சுக்கூடம் கண்டு, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் வீரமாமுனிவர் நம் நெல்லைச் சீமைக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். இருவரும் ஐரோப்பியர், இருவரும் தமிழுக்குத் தம்மைத் தந்தவர்கள், இருவர் கையிலும் ஒரே நற்செய்தி.

சீகன்பால்கு 1719-இல் மறைந்தார். பூசல் அவரோடு புதைக்கப்படவில்லை. முனிவர் 1728-இல் 'வேத விளக்கம்' எழுதினார். தரங்கம்பாடியாரின் 'திருச்சபை பேதகம்' என்னும் நூலுக்கு மறுமொழியாகப் 'பேதகமறுத்தல்' பிறந்தது. 'லுத்தேரினத்தியல்பு' என்றும் ஒன்று எழுந்தது. கொள்கையை மறுத்ததோடு நின்றிருந்தால் அது மறையியல். முனிவரோ எதிராளியின் தமிழையே எள்ளி நகையாடினார். தேம்பாவணி பாடிய நாவுக்கு அந்த உரைநடை கொச்சையாகப் பட்டதில் வியப்பில்லை. குருமட நூலகத்தில் அப்பக்கங்களைப் படித்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். அதே வரிகளைப் படித்த ஒரு தரங்கம்பாடிக் கிறிஸ்தவனின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜப்பானியரும் கொரியரும் கணினித் திரையில் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதைப் பற்றி அண்மையில் படித்தபோது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அவர்களிடையே 1910 முதல் 1945 வரை நீடித்த அடிமை ஆட்சியின் புண் இருக்கிறது. லுத்தரன்மார் நம்மை ஆண்டதுமில்லை, அடித்ததுமில்லை. ஆயினும் முறை ஒன்றே: முகம் காணாமல் எழுதுவது, எதிராளி திருந்துவதைவிட நம்மவர் கைதட்டுவதை விரும்பி எழுதுவது.

இனி ஒரு வேடிக்கை. முனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சேறியது. எங்கே தெரியுமா? தரங்கம்பாடியில், அதே லுத்தரன் அச்சுக்கூடத்தில்! தங்கள் தமிழை இகழ்ந்தவரின் நூலைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். புதிதாக வரும் போதகர்களுக்குத் தமிழ் கற்பிக்க அதனினும் நல்ல நூல் அவர்களுக்குக் கிட்டவில்லை போலும். முனிவர் 1747 வரை வாழ்ந்தவர். அந்த அச்சுப்படியைக் கையில் எடுத்தபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்று பல இரவுகள் எண்ணியிருக்கிறேன்.

நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், 1995-இல், இரு தரப்பு அறிஞரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதில் நம் இராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார். எதிர்த்தரப்புச் சபைகளிலோ இன்றும் பழைய 'பரிசுத்த வேதாகமமே' பெரிதும் வாசிக்கப்படுகிறது. விட்டுக்கொடுத்தவர் நாம் மட்டுந்தானா என்று பங்கு மக்கள் சிலர் என்னிடம் மனத்தாங்கலோடு கேட்டதுண்டு.

சென்ற ஆண்டு, எதிர்வீட்டுப் பெரியம்மாவின் அடக்கத்திற்கு முந்திய இரவு, அவர் மகன் என்னையும் ஒரு பகுதி வாசிக்கச் சொன்னார். என் கைப்பையில் நம் திருவிவிலியம் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. தலைமாட்டில் கிடந்த, ஓரம் கிழிந்த அவருடைய வேதாகமத்தையே எடுத்துப் பேதுருவின் நிருபத்தை வாசித்தேன்.