பிரெஞ்ச் பிரெட்

பிரெஞ்ச் பிரெட் என்பது சண்டை விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற சிறிய ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனம். மெல்ட்டி பிளட், அண்டர் நைட் இன்-பெர்த் ஆகியவை அதன் இரு பெரும் வரிசைகள்.

தொடக்கத்தில் இது நிறுவனமே அல்ல. 1990களின் இறுதியில் வதனபே செய்சகுஷோ என்ற பெயரில் இயங்கிய ரசிகர் குழுதான் இதன் வேர். லீஃப் என்ற விளையாட்டு நிறுவனத்தின் கதைமாந்தரை மோதவிட்டு, தி குவீன் ஆஃப் ஹார்ட் என்ற விளையாட்டை அக்குழு செய்தது. ரசிகர்கள் தாங்களே தயாரித்து விற்கும் இத்தகைய படைப்புகளுக்குத் தோஜின் என்று பெயர்; டோக்கியோவில் கூடும் கோமிக்கெட் சந்தை அவற்றின் முதன்மை விற்பனை இடம். 2000இல் சுகிஹிமே என்ற கதை விளையாட்டை வெளியிட்ட டைப்-மூனும் அன்று தோஜின் குழுதான். அதன் பாத்திரங்களை வைத்து இரு குழுக்களும் சேர்ந்து செய்த மெல்ட்டி பிளட், 2002 டிசம்பர் கோமிக்கெட்டில் விற்பனைக்கு வந்தது. பிறர் பாத்திரங்களை எடுத்தாண்டு வந்த ரசிகர்களுக்கு, இம்முறை படைத்தவர்களே கூட்டாளிகள்.

2005இல் மெல்ட்டி பிளட்டின் ஆக்ட் கடென்சா என்ற பதிப்பு எகோல் நிறுவனத்தின் துணையோடு ஆர்கேடு கூடங்களை எட்டியது. வீட்டுக் கணினிக்காக ரசிகர்கள் செய்த ஒன்று, காசு போட்டு ஆடும் எந்திரத்தில் ஏறுவது அரிது. 2008இன் ஆக்ட்ரெஸ் அகெய்ன் என்ற அடுத்த பதிப்பு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று ஆட்டமுறைகளைத் தந்தது. அதன் திருத்தப் பதிப்பான கரண்ட் கோடை இணையத்தில் தடங்கலின்றி ஆட, சிசிகாஸ்டர் என்ற மென்பொருளை ரசிகர்களே எழுதினார்கள். எதிராளியின் அடுத்த அசைவை முன்கூட்டியே ஊகித்து, ஊகம் தவறினால் ஆட்டத்தைச் சட்டென்று பின்னோக்கித் திருத்தும் ரோல்பேக் முறை அதில் இருந்தது. அமெரிக்கப் போட்டிகளில் இடம் கிடைக்காமல் மெல்ட்டி பிளட்டைக் கழிவறையில் வைத்து ஆடினார்கள் என்ற கேலியும் நிலைத்துவிட்டது.

அண்டர் நைட் இன்-பெர்த் 2012இல் ஆர்கேடில் அறிமுகமானது. இதன் பாத்திரங்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்தப் படைப்பு. கிரிட் என்னும் அளவி இதன் தனிச்சிறப்பு. முன்னேறித் தாக்குபவருக்கு அது ஏறும், பின்வாங்குபவருக்கு இறங்கும். ஏறத்தாழ 17 விநாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, முந்தியிருப்பவரின் அடிக்குக் கூடுதல் வலு தரப்படும். ஒதுங்கி ஒதுங்கியே வெல்ல நினைப்பவருக்கு இந்த ஏற்பாடு இடம் கொடுப்பதில்லை. சண்டை விளையாட்டு வடிவமைப்பில் இந்நிறுவனத்தின் சிறந்த பங்களிப்பு இதுவே எனலாம்.

2021 செப்டம்பரில் வந்த மெல்ட்டி பிளட்: டைப் லுமினாவில் ரோல்பேக் முறை முதல் நாளிலேயே இருந்தது. 2022இல் அது லாஸ் வேகஸில் நடந்த ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில் முதன்மை ஆட்டங்களுள் ஒன்றாயிற்று. அண்டர் நைட் வரிசையின் இரண்டாம் பாகம் 2024 ஜனவரியில் வெளியாகி, அதே ஆண்டு ஈவோவிலும் இடம்பிடித்தது.