நிரலாக்கக் கருவிகளும் வரைகலை இடைமுகத் தொகுதிகளும்

நிரல் எழுதவும் பிழை திருத்தவும் உதவும் மென்பொருள்களுக்குச் சாளரம், பொத்தான், பட்டி, உரைப்பெட்டி ஆகியவற்றை ஆயத்தமாகத் தருவது வரைகலை இடைமுகத் தொகுதி. எந்தத் தொகுதியைத் தேர்வது என்பதை 1990கள் முதல் உரிமம், தோற்றம், மொழி ஆகிய மூன்றும் தீர்மானித்து வந்துள்ளன. தமிழுக்கு மூன்றாவதே முதன்மையானது.

உரிமம்

1991இல் வெளிவந்த டிகே, எளிமையால் பரவியது. பைத்தானுடன் வரும் ஐடில் தொகுப்பி இதில் அமைந்ததே. 1995இல் நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனம் கியூட்டி தொகுதியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய கேடிஇ திட்டம் அதை ஏற்றது. அன்று கியூட்டி முழுமையான கட்டற்ற மென்பொருளாக இல்லை. ஆகவே 1997இல் தொடங்கிய குனோம் திட்டம், கிம்ப் பட மென்பொருளுக்காக எழுதப்பட்ட ஜிடிகே தொகுதியைத் தேர்ந்தது. 2000இல் கியூட்டி குனூ பொது உரிமத்தின்கீழும் வெளியானபின் இச்சிக்கல் பெரிதும் தணிந்தது.

தோற்றம்

ஜாவாவின் ஸ்விங் தொகுதி பொத்தான்களைத் தானே வரைகிறது. ஐபிஎம் 2001இல் வெளியிட்ட எக்லிப்ஸ், இயங்குதளத்தின் பொத்தான்களையே பயன்படுத்தும் எஸ்டபிள்யூடி தொகுதியைக் கொண்டது. நெட்பீன்ஸ் ஸ்விங்கிலேயே தொடர்ந்தது.

தமிழ்

ஈய எழுத்துகளைக் கோத்த காலத்தில் சிவகாசி அச்சகத் தொழிலாளி ‘கொ’ என்பதற்குக் கொம்பு, ககரம், கால் ஆகிய மூன்றையும் உரிய இடத்தில் கையால் வைத்தார். ஒருங்குறியில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. அவற்றைக் கண்ணுக்குரிய வரிசையில் அடுக்குவது மென்பொருளின் வேலை. 2002இல் வந்த ஜிடிகே 2.0, இதற்காகப் பாங்கோ நிரலகத்தைச் சேர்த்துக்கொண்டது. லினக்சில் டிகே நெடுங்காலம் இவ்வேலையைச் செய்யாததால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிந்தன.

முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ போன்ற தமிழ் நிரல்மொழிகளுக்கு இது உயிர்நிலையான சிக்கல். ‘பதிப்பி’ என்பதே அதில் ஒரு கட்டளை. திரையில் எழுத்து உடைந்தால், கற்கும் மாணவர் தம் நிரலே தவறு என எண்ணிவிடுவார்.

2015இல் வந்த விஷுவல் ஸ்டுடியோ கோட், குரோமியம் உலாவியின் பொறியைக் கொண்ட எலக்ட்ரானில் அமைந்தது. இதில் தமிழ் சீராகத் தெரிகிறது. ஆனால் நினைவகம் மிகுதியாகச் செலவாகிறது. பழைய கணினிகள் உள்ள பள்ளிகளுக்கு இது பொருட்படுத்த வேண்டிய விலை. எனவே தமிழ்க் கருவி அமைப்போர், தொகுதியின் வெற்று உரைப்பெட்டியில் ‘கொ’, ‘கௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றைத் தட்டச்சிட்டுப் பார்த்த பின்பே மற்ற வசதிகளை ஒப்பிடுவது நல்லது.