தோப்புக்கரணம் பார்த்துச் சிரித்த நாட்கள்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. எங்க மன்னார்குடி பந்தலடியே வெறிச்சோடிப் போச்சு.

வெளிய வந்தவங்களை போலீஸ் தோப்புக்கரணம் போட வைக்கிற வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. ‘நல்லா வேணும்’னு சிரிச்சு, நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். அவர் மருந்து வாங்க வந்தாரா, அரிசி வாங்க வந்தாரான்னு யோசிக்கவே இல்லை.

ஜூன் 19, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வச்சதாச் சொல்லி, ஜெயராஜை போலீஸ் பிடிச்சிட்டுப் போனது. அப்பாவைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸுக்கும் காவல் நிலையத்தில் அடி. 22ஆம் தேதி மகன் இறந்தார். 23ஆம் தேதி அப்பா.

நாடே கொதிச்சது, நானும்தான். ஆனா, விதியை மீறினவங்களை விசாரிக்காமலே போலீஸ் தண்டிக்கலாம்னு மார்ச் மாசமே சிரிச்சு சம்மதம் சொன்னதும் நான்தானே?