பிரம்பின் வரலாறு

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதையில் சிங்கப்பெருமாள் கோயிலையும் பரனூரையும் கடந்தால் செங்கற்பட்டு. அவ்வூரின் கோட்டையையும் கொளவாய் ஏரியையும் பலர் அறிவர். சிறுவர்களுக்கென 1887-இல் அங்குத் தொடங்கப்பெற்ற சீர்திருத்தப் பள்ளியை அறிந்தோர் சிலரே. பிள்ளைகளை நம் சமுதாயம் எவ்வாறு நடத்தி வந்துள்ளது என்பதை உணர, அதன் வரலாறு நமக்குத் துணைபுரியும்.

1864-ஆம் ஆண்டின் கசையடிச் சட்டம், குற்றம் புரிந்த சிறுவருக்குப் பிரம்படி தண்டனை அளிக்க இடந்தந்தது. 1955-இல்தான் அத்தண்டனை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இதற்கிடையே, சிறுவரை முதிர்ந்த குற்றவாளிகளோடு அடைத்தல் தீது என்ற எண்ணம் வலுப்பெற, 1876-இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் பிறந்தது. செங்கற்பட்டுப் பள்ளி அதன் வழி வந்ததே. 1920-இல் சென்னை மாகாணம், இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுவர் சட்டம் இயற்றியது. குற்றம் புரிந்தோரை மட்டுமன்றி, ஆதரவற்ற பிள்ளைகளையும் அது கருத்திற்கொண்டது.

சட்டங்கள் வளர்ந்தன, பள்ளியின் பெயரும் மாறிற்று. ஆயினும், 2022 டிசம்பர் 31 அன்று அவ்வூர் அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். பணியாளர்கள் அடித்ததே காரணம் என்ற வழக்கில் அறுவர் கைதாயினர். இத்தகைய இல்லங்களை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களை ஒருநபர்க் குழுவாக அரசு 2023-இல் அமர்த்தியது.

இக்கொடுமை மதிற்சுவருக்குள் மட்டும் முளைத்ததன்று. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என ஆசிரியரிடமும் ஓதும்பள்ளி உஸ்தாதிடமும் பிள்ளையை ஒப்படைப்பது ஊர்வழக்கு. அண்டை வீட்டுப் பிள்ளை அலறினால், அது அவர்கள் குடும்ப விவகாரம் என்று கதவைச் சாத்திக்கொள்வதும் ஊர்வழக்கே. ஊர் ஒப்பிய அடிதான், கேட்பாரற்ற பிள்ளையின்மீது வரம்பின்றி விழுகிறது. தந்தையை இழந்தவன், கூலிக்குச் செல்லும் தாயின் மகன், படிப்பை இடையில் நிறுத்தியவன் ஆகியோருக்காகப் பேச எவருமிலர் என்பதை ஓங்கிய கை நன்கறியும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் பத்தாண்டுகள் பணிபுரிந்தவர் அனஸ் (ரலி) அவர்கள். சிறுவராய்ச் சேர்ந்த அவர்கள், சலிப்பான ஒரு சொல்லைக்கூட அண்ணலாரிடமிருந்து கேட்டதில்லை என்று சான்று பகர்கிறார்கள். எத்தீம்களை அடக்கி ஒடுக்குவதைத் திருமறையும் தடுக்கிறது. பள்ளிகளில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விலக்கியது. இல்லப் பணியாளர் பிள்ளையைத் துன்புறுத்தினால் ஐந்தாண்டுவரை கடுங்காவல் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

ஆனால், சட்டம் பெரும்பாலும் அலறலுக்குப் பின்னரே வந்து சேரும். அதற்கு முன்னரே சென்று சேரக்கூடியது மஹல்லா. தம் எல்லைக்குட்பட்ட எத்தீம்களையும் படிப்பை விட்ட பிள்ளைகளையும் ஜமாஅத்தினர் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும். தனித்து நிற்கும் தாய்மார்க்கு பைத்துல்மால் கைகொடுக்க வேண்டும். ஓதும்பள்ளியிலிருந்து பிரம்பு அகல வேண்டும். துன்புறும் பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணை அழைக்கத் தயங்கலாகாது. இல்லத்தில் அடைபட்ட பிள்ளையைக் காணவும் உறவினர் சென்றுவர வேண்டும். கேட்பதற்கு ஆள் உண்டு என்பதே அவனுக்குப் பெருங்காப்பு.

நம் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைகளிடம் இரக்கம் காட்டும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.