தலைமன்னார்ப் பாதை: வந்தோரும் சென்றோரும்

இந்திய – இலங்கைத் தொடர்புகளைப் பற்றி எழுதுவோர் ‘போட் மெயில்’ வண்டியைக் குறிப்பிடாது விடுவதில்லை. சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டைப் பெற்று, தனுஷ்கோடியிற் கப்பலேறி, தலைமன்னாரில் மீண்டும் புகையிரதமேறிக் கொழும்புக் கோட்டையை அடைந்த கதை பலரும் கூறியதே. ஆயினும் ‘மெயில்’ என்னும் பெயர் அப்பாதையின் பிரதான பயனை மறைத்து விடுகின்றது. தபாற் பைகளுக்கும் கனவான்களுக்கும் தூத்துக்குடி – கொழும்புக் கப்பல் முன்னரே இருந்தது. வறண்ட காடுகளூடே மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை 106 கிலோமீற்றர் தண்டவாளம் இடப்பட்டமைக்குக் காரணத்தை மலைநாட்டுத் தோட்டங்களிலேயே தேடவேண்டும்.

19ஆம் நூற்றாண்டிலே தொழிலாளர் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 1905இல் வடக்குப் பாதை பூர்த்தியானபின், அதிலிருந்து மன்னாருக்குக் கிளை பிரிப்பது இலகுவாயிற்று. 1914 பெப்ரவரியில் 145 கண்களைக் கொண்ட பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கப்பல்கள் செல்வதற்காக அதன் நடுக்கண் இரண்டாகப் பிளந்து மேலெழுந்தது. அவ்வாண்டே தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட, இரு கரைகளுக்கிடையே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் கடலே எஞ்சிற்று. கடலுக்குப் பாலமிட்டிருப்பினும் வண்டிகள் நேரே ஓடியிருக்கமாட்டா என்பது பலர் கவனியாத செய்தி: தென்னிந்தியப் புகையிரதம் மீற்றர்ப் பாதையிலும் இலங்கையினது அகலப் பாதையிலும் ஓடின.

தொழிலாளரின் பயணம் மண்டபத்திலே தடைப்படும். அங்கு இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்கள் சில நாள்கள் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, நோயற்றோர் எனக் கண்டபின்னரே அனுப்பப்பட்டனர். கையிற் பணமில்லாதவர்க்குத் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டே பயணச்சீட்டு. செலவைத் தோட்டம் செலுத்தும். பின்னர் அது கங்காணியின் கணக்கிலே தொழிலாளியின் கடனாக ஏறும். ஆக, அவன் ஒரு கொழுந்தையேனும் கிள்ளுமுன்னரே கடனாளியாயினான். பொல்காவலைச் சந்தியில் கொழும்புப் பயணிகள் மேற்கே திரும்ப, இவர்கள் கிழக்கே மலையேறினர். ‘போட் மெயில்’ பற்றிய நினைவுக் குறிப்புகள் பெரும்பாலும் மேற்கே திரும்பியவர்கள் எழுதியவை.

பயிற்சியற்ற தொழிலாளர் வெளியேறுவதை இந்திய அரசு 1939இல் தடைசெய்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்ரோபர் 30இல் கைச்சாத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் விதி 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. ஒப்பந்தத்தின் மை உலருமுன்னரே, டிசம்பர் 22ஆம் திகதி இரவு எழுந்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியொன்றையும் கடல் கொண்டது. சிதைந்த பாம்பன் பாலம், பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாள்களிற் செப்பனிடப்பட்டது.

கப்பற்சேவை இராமேசுவரத்துக்கு மாறிற்று. அக்கப்பலிலேதான் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்டோர் ஏற்றப்பட்டனர். அட்டனிலிருந்து தலைமன்னார் சென்ற வண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஏறியவர்களுட் பலர் இலங்கையிற் பிறந்தோர். ‘தாயகம் திரும்புவோர்’ என்று அதிகாரிகள் அவர்களைப் பதிந்தமை நகைப்புக்குரியது. தாத்தாவை மலைக்குக் கொண்டுவந்த அதே தண்டவாளம் பேரனைக் கடற்கரைக்குக் கொண்டு சென்றது. மண்டபமோ இப்பொழுது எதிர்த்திசைப் பயணிகளுக்கு இடைத்தங்கலாயிற்று. 1983இன் பின் இலங்கையிலிருந்து படகுகளில் ஓடிவந்த ஏதிலிகளுக்கும் அதுவே முகாமாகியது.

யுத்தத்தின் காரணமாகக் கப்பற்சேவை 1984இல் நின்றது. தலைமன்னார்ப் புகையிரதம் 1990இல் நின்றது. யுத்தம் முடிந்தபின் இந்திய நிறுவனமான இர்க்கொன் பாதையை மீளமைத்தது. 2013இல் மடு வீதி வரையும் 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரையும் வண்டிகள் மீண்டும் வந்தன, கப்பல் வரவில்லை. இராமேசுவரப் பாதை 2007இல் அகலப் பாதையாக மாற்றப்பட்டிருந்தமையால், இரு கரைகளிலும் தண்டவாளத்தின் அகலம் அப்பொழுது ஒன்றாகவே இருந்தது.