சாக்கியும் சாரியும்: அமெச்சூர் மைதானத்திலிருந்து இரண்டு பாதைகள்

ஆரிகோ சாக்கி, மௌரிட்சியோ சாரி. இத்தாலியக் கால்பந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்வார்கள். இருவரும் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவர்கள். சிற்றூர் அமெச்சூர் அணிகளின் பயிற்சியாளராகத் தொடங்கி, நாட்டின் சாம்பியன் பட்டம் வரை போனவர்கள். ஒற்றுமை அந்த மட்டில்தான். அமெச்சூர் கிளப் இருவருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லித்தரவில்லை.

சாக்கி 1946இல் ஃபுசிஞானோ என்ற சிற்றூரில் பிறந்தவர். உள்ளூர் அணிகளில் ஆடினார். மேலே போகும் அளவுக்கு ஆட்டம் கைகூடவில்லை. தந்தையின் காலணித் தொழிலில் விற்பனையைப் பார்த்துக்கொண்டே, 26 வயதில் பராக்கா லூகோ அணிக்குப் பயிற்சியாளரானார். அணியின் கோல்கீப்பருக்கு 39 வயது, சென்டர் ஃபார்வர்டுக்கு 32. தன்னைவிட மூத்தவர்களிடம், தன்னைவிட நன்றாக ஆடுகிறவர்களிடம், இங்கே நில், அங்கே ஓடு என்று சொல்லியாக வேண்டும். ஆடிச் சேர்த்த பெயர் கிடையாது. ஏன் அப்படி நிற்க வேண்டும் என்று காரணம் காட்டினால்தான் அவர்கள் கேட்பார்கள்.

பின்னாளில் மிலான் அணியில் அவர் செய்தது இதன் தொடர்ச்சி என்றே நான் பார்க்கிறேன். பயிற்சியில், தடுப்பாட்டக்காரர்கள் பரேசி, மால்டீனி உள்ளிட்ட ஐந்து பேரை வரிசை பிசகாமல் நிறுத்தினார். தாக்குதல் ஆட்டக்காரர்கள் குல்லிட், வான் பாஸ்டன் உள்ளிட்ட பத்துப் பேரை எதிரே விட்டு, கால் மணி நேரத்தில் ஒரு கோல் போடுங்கள் என்றார். போட முடியவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் நீங்கள் எங்கே ஆடினீர்கள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஆனால் சாக்கி அமெச்சூர் ஆட்டத்தில் நெடுங்காலம் தங்கவில்லை. 1979இல் செசேனாவின் இளையோர் அணிக்குப் போனார். பிறகு ரிமினி, ஃபியோரென்டினா இளையோர், 1985இல் பார்மா. அந்தப் பார்மா 1986-87 சீசனில் இத்தாலியக் கோப்பையில் மிலானை இரண்டு முறை தோற்கடித்தது. மிலானின் உரிமையாளர் பெர்லுஸ்கோனி அவரையே அழைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு 41 வயது. 1988இல் லீக் பட்டம், 1989லும் 1990லும் ஐரோப்பியக் கோப்பை.

சாரியின் கதை இவ்வளவு வேகமானதல்ல. 1959இல் நேப்பிள்ஸில் பிறந்தார். தந்தை எஃகு ஆலையில் கிரேன் ஓட்டியவர். டஸ்கனியில் வளர்ந்து, ஃபிலினே அணியில் டிஃபெண்டராக ஆடிய இளைஞர் வங்கி வேலைக்குப் போனார். 1990இல் கீழ்த்தட்டு டிவிஷனில் இருந்த ஸ்தியா அணி அவரிடம் வந்தது. பகலில் வங்கி, மாலையில் மைதானம். ஃபாயெல்லெசே, கவ்ரில்யா, அன்தெல்லா என்று டஸ்கனிக்கு வெளியே பலரும் கேள்விப்படாத கிளப்புகளிலேயே பத்தாண்டு ஓடியது. வங்கி வேலையை விட்டபோது வயது நாற்பதை ஒட்டியிருந்தது.

அமெச்சூர் ஆட்டக்காரர்கள் வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள். வாரத்தில் சில மாலைகள்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் எதைச் சொல்லிக்கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை பலன் தரும்? கார்னரும் ஃப்ரீ கிக்கும் திட்டமிட்டுப் பழகக்கூடியவை. சன்சோவினோ அணிக்கு அவர் 33 விதமான திட்டங்கள் வைத்திருந்ததால் 'மிஸ்டர் 33' என்ற பட்டப்பெயரே வந்தது. அந்த அணியை மேல் டிவிஷனுக்கு ஏற்றி, 2003இல் அமெச்சூர் அணிகளுக்கான இத்தாலியக் கோப்பையையும் வென்றார். ஆனாலும் எம்போலி அணியோடு முதல் டிவிஷனில் கால் வைக்க 2014 ஆயிற்று, வயது 55.

தடுப்பாட்டத்தில் சாரி சாக்கியின் வாரிசுதான்: ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காப்பது, தடுப்பு வரிசையின் நான்கு பேரும் ஒன்றாக முன்னேறுவது. சாரி பயிற்சியளித்த நாப்போலி அணியைச் சாக்கியும் மனதாரப் பாராட்டியிருக்கிறார். சாதனையில் சாக்கிதான் பெரியவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெச்சூர் அணியை நடத்துவது எப்படி என்று கற்க விரும்புகிறவருக்கு மட்டும் நான் சாரியையே காட்டுவேன். சாக்கியைப் போல ஒரு பெர்லுஸ்கோனியின் கண்ணில் படுவது எல்லாருக்கும் வாய்க்காது. சாரி அப்படி யாரும் பார்க்காமலே பத்தாண்டு வேலை செய்தவர். 2020இல் யுவென்டஸோடு இத்தாலியப் பட்டம் வென்றபோது அவருக்கு 61 வயது. அந்தப் பட்டத்தை அதற்குமுன் அந்த வயதில் வென்ற பயிற்சியாளர் எவரும் இல்லை.